அரை பவுண்டு எச்சில்

...இன்னும் அரை பவுண்டு எடை குறைய வேண்டும், அரை பவுண்டு எச்சில் என்றால் எவ்வளவு இருக்கும், இந்தக் காபி டப்பாவில் பாதியா, முக்காலா, பார்க்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன், பார்த்துவிடுகிறேன், நுரையும் நூலுமாக, சூயிங்கம்மின் ரோஸ் நிறம் கலந்து... சீ, இது என் வாயிலிருந்து வந்ததா? ஆகஸ்ட் மாத லாஸ் ஏஞ்சலிஸ், வெயில் மண்டையைப் பிளக்கிறது, கார்க் கண்ணாடி நான்கையும் ஏற்றி ஹீட்டரையும் போட்டுவிட்டு ஓட்டுகிறான் என் தங்கை புருஷன் குக்கோ. எனக்கு ரப்பர் உடுப்பு, அதன்மேல் கம்பளி. "துப்பு மச்சான், துப்பு. பன்னெண்டு மணிக்குத் தராசு. நூத்தி இருபத்தாறு பவுண்டுக்கு ஒரு பொட்டு மேல போனாலும் சண்டை கேன்சல்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கான்." துப்புகிறேன். குத்துச்சண்டைக்கு வந்து பதினொரு வருடமாகத் துப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ரப்பருக்குள் வேர்வை சளசளக்கிறது, என் நாற்றத்தை நானே முகர்ந்துகொண்டு போகிறேன். காலடியில் ஈரத்துணி சுற்றிய பாட்டில், தங்கை ஐஸ் போட்டுக் கொடுத்த புளித்தண்ணீர், நாக்கு பலகையாகக் கிடக்கிறது, கண் அங்கேயே போகிறது. "முறைக்காத மச்சான், அது எடை பாத்தப்புறம். சக்கரைய அள்ளிப் போட்டிருக்கா, என் மேலகூட அவளுக்கு அவ்வளவு பாசம் கிடையாது."

சிரிக்க எச்சில் இல்லை. குமட்டுவது இந்த டப்பாவா, இல்லை நேற்றைய ஹார்ட்மனா? என் மேனேஜர், மூன்று நாள் பட்டினி கிடப்பவன் முன்னால் உட்கார்ந்து வறுத்த பன்றிக்கறியை மென்றுகொண்டு, கொழுப்பு வழியும் விரலை நக்கி, அதே விரலால் என் கன்னத்தைத் தட்டி... "ஆறாவது ரவுண்டுல படுத்துடு லாலோ. உன்னோட மோதுற அந்தப் பையன் மேல வரட்டும். அடுத்தது உனக்குப் பட்டப் போட்டிதான்." இதே பட்டப் போட்டியை இதற்கு முன் இரண்டு முறை காட்டி ஏமாற்றிவிட்டான், நான் என்ன செய்தேன், தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய முடியும், என் கழுத்து அவன் கையில் இருக்கிறதே! எங்கள் தெருவே அரங்கின் மலிவான மேல் வரிசைக்கு வரும், என் பெயரைத் தொண்டை கிழியக் கத்தும், அம்மா வீட்டில் குவாடலூப் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள், நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன், பத்து எண்ணும் வரை. விழப்போகிறவனுக்கு எடை எதற்கு? சண்டை பொய், தராசில் மட்டும் யோக்கியன். தூ.

தராசில் நூற்று இருபத்தாறு, சரியாக. ஹார்ட்மன் கன்னத்தைத் தட்டினான், இன்னும் அந்தக் கறி வாசனை. வெளியே வந்து கார் கதவில் சாய்ந்து பாட்டிலை ஒரே மூச்சில் கவிழ்த்தேன், புளிப்பும் இனிப்பும் தொண்டையில் இறங்க, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது... காலி பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு மணி நேரம் இது என் காலடியில்தானே கிடந்தது? பாதி குடித்திருந்தாலும் எடை ஏறியிருக்கும், சண்டை கிடையாது, ஆறாவது ரவுண்டு கிடையாது. யார் என் கையைப் பிடித்தார்கள்? ஹார்ட்மன் காரிலேயே இல்லை. கழுத்து அவன் கையில், சரி... என் கை? அது ஒரு தடவைகூடப் பாட்டில் பக்கம் போகவில்லையே, டப்பாவைத்தானே தூக்கித் தூக்கி வாயருகே கொண்டுவந்தது.

குக்கோ டப்பாவைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனான். "அதைக் குடு மாப்ள."

"எடைதான் முடிஞ்சுதே மச்சான், இன்னும் எதுக்கு?"

கை தானாகவே டப்பாவுக்கு நீண்டது, வாய் நிறைய எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.