ஓரகத்தியின் தட்டுகள்

ஆய்வகத்தில் பெரியவள் வளர்த்த நரம்புச் செல்கள் மறுபடியும் செத்துவிட்டன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தட்டில் ஒட்டாமல் உருண்டு திரண்டு மிதந்தன. பக்கத்து மேசையில் சின்னவளின் நரம்புச் செல்களோ, அவையும் அதே குப்பியிலிருந்து போனவைதான், சம்மணம் போட்டு உட்கார்ந்து கிளை விட்டுக்கொண்டிருந்தன.

சின்னவள் அவளுக்கு ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளே என்று இந்த ஆய்வகத்தில் கெஞ்சி வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை! வீட்டில் மாமியாருக்குச் சின்னவள் போட்டால்தான் அது காபி. இங்கே டைரக்டரும், "வெள்ளிக்கிழமையும் யார் செல்லு செத்துக் கிடக்கோ, அவங்க வேற இடம் பாத்துக்கட்டும்" என்றுவிட்டார்.

"வெறும் தட்டுல விட்டா அதுக்குப் பிடிமானம் இல்லக்கா. பிடிமானம் இல்லன்னா செத்துத்தான் போகும். செல்லு ஒட்டிக்கிற மாதிரி தட்டுல பூச்சு போட்டுப் பாருங்களேன்" என்று சின்னவள் முன்பே சொன்னாள்.

இவளுக்கே பாடமா? "எங்களுக்கும் தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் பெரியவள். ஆனால் சின்னவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவள் மேசையில் பூச்சு ஊறிக்கொண்டிருந்த தட்டுகளில் இரண்டை எடுத்தாள். மேலே நின்ற பூச்சு நீரைக் கொட்டிவிட்டு, தன்னிடம் மிச்சமிருந்த ஒரே குப்பிச் செல்லையும் அவற்றில் விட்டாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. அன்று வீட்டில் சின்னவளோடு சிரித்துக்கூடப் பேசினாள்.

மறுநாள் பார்த்தால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முன்பு செத்தவையாவது முழுசாக மிதந்தன. இவை சிதறிக் கிடந்தன.

பின்னால் வந்து நின்ற சின்னவள், தட்டைப் பார்த்ததும் அது யாருடையது என்று தெரிந்துகொண்டாள்.

"கழுவாமலே செல்லை விட்டீங்களாக்கா?" என்றாள் மெல்ல. "ஒட்டாம நிக்கிற பூச்சு அதுக்கு விஷமாச்சே. நல்லா அலசிட்டுல்ல விடணும்."

திருடி என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் பெரியவள் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள். சின்னவளோ, செல்கள் கிளைத்திருந்த தன் தட்டுகளில் பாதியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இது உங்க பேர்ல இருக்கட்டும். வீட்டுல யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

வேலை போய்விடுமே என்று பெரியவள் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சின்னவங்ககிட்ட நல்லா கத்துக்கிட்டீங்க" என்று கைகொடுத்தார். சின்னவள் மனசாரச் சிரித்தாள். அந்த நிமிஷம் போல் பெரியவள் அவளை என்றைக்கும் வெறுத்ததில்லை.