இரண்டு நாடு, ஒரு தொண்டை

1

இந்தக் கதை ஒரு ரொட்டித் துண்டிலிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் என் அண்ணன் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, கரண்டியால் மசித்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோலத் தனக்கே ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா, பல் வலியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல பாப்பா. இங்க ரொட்டியெல்லாம் முழு தானியம். கெட்டியா இருக்கும். உங்க ஊர் மாதிரி பஞ்சு கிடையாது."

அவருடைய நாட்டுக்கு இன்னொரு மதிப்பெண் போட்டுக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். (எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் இன்னும் பாப்பாதான்.)

இதற்கு இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். முதலாவது: "உலகத்தில் இரண்டு வகை நாடுகள் உண்டு. காசு கொடுத்தால் இன்றைக்கே வைத்தியம் பார்ப்பவை, காசு கேட்காமல் காத்திருக்கச் சொல்பவை. இவற்றை ஒப்பிடும்போது நாம் கவனிக்க வேண்டியது –" இது கட்டுரை. கட்டுரைக்குத் தொண்டை கிடையாது, அதனால் அதில் எதுவும் சிக்காது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "விமானம் மேகங்களைக் கிழித்து இறங்கியபோது, அவர் ஜன்னல் வழியாகத் தன் பிறந்த மண்ணை –" அவருக்குக் கிடைத்தது நடு இருக்கை. இதையும் அடித்துவிட்டேன்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேர் இல்லை.

அண்ணன் அந்த நாட்டில் பஸ் ஓட்டுகிறார். அண்ணி அங்கேயே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கே நான் பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் ஸ்கேன் எடுக்கிறவர்.*

* "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறவர். வீட்டில் சண்டை வந்தாலும் என்னிடம் அதையே சொல்லுவார். இதில் இரண்டாவதை மட்டும் நான் செய்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு குடும்ப நலம் விசாரிப்பதற்காக ஆரம்பித்தது. பல வருடங்களாக அது மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடக்கிற போட்டி. நாங்கள் இரண்டு பெண்களும் கேமராவின் ஓரத்தில் பாதி முகமாக உட்கார்ந்திருப்போம்.

"மாப்பிள்ளை, உங்க ஊர்ல ஒருத்தன் ரோட்ல விழுந்தா முதல்ல என்ன கேப்பாங்க? யாரு பணம் கட்டுறதுன்னு கேப்பாங்க. இங்க பேரைக்கூடக் கேக்க மாட்டாங்க."

"பேரைக் கேட்டு என்ன மச்சான் பிரயோஜனம்? டாக்டரைப் பாக்குறதுக்குள்ள அவனுக்கே மறந்து போயிருக்கும்."

"காத்து எப்படி இருக்கு அங்க?"

"இருக்கு. உங்க ஊர்ல வெயில் எப்படி இருக்கு?"

எந்த நாட்டில் ஜனங்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று வருடாவருடம் பத்திரிகைகளில் வரிசைப்படுத்திப் போடுவார்களே, அதை இரண்டு பேரும் பரீட்சை முடிவு மாதிரி எதிர்பார்ப்பார்கள். அண்ணனுடைய நாடு எப்போதும் மேலே இருக்கும். என் வீட்டுக்காரர் அந்த வரிசையைப் போட்டவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று விசாரிப்பார்.

இருவர் சொல்வதும் சரிதான். அதனால்தான் போட்டி முடியவே இல்லை.

3

ஒரு வார நாளில் அண்ணி கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் துணிகள் அடுக்கிவைக்கிற அறையில் நின்றுகொண்டு பேசினார். பின்னால் வெள்ளை விரிப்புகள் கூரைவரை இருந்தன.

"பாப்பா, உங்க அண்ணனுக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது. கோடையிலேர்ந்தே இப்படித்தான். கெட்டியா எதுவும் முடியல. இப்ப தண்ணிகூட சில நேரம் நின்னு நின்னு போகுது."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டியாச்சு. வாய் வழியா குழாய் விட்டுப் பாக்கணும்னாங்க. வரிசையில போட்டிருக்காங்க. அவசரம் இல்லன்னு சொல்லிட்டாங்க. நாங்க போனப்போ அவ்வளவு மோசமா இல்ல. இப்ப மோசமாயிடுச்சு. போய்ச் சொல்லுங்கன்னா போக மாட்டேங்கிறார்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏன் வீட்டுக்குள் இருந்துகொண்டே கனமான ஸ்வெட்டர் போட்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடம்பு கரைந்திருக்கிறது. எங்களிடம் சொன்னால் மாப்பிள்ளை ஜெயித்துவிடுவார்.

இந்த இடத்தில் எனக்கு அண்ணி பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. ஒரு நர்ஸ், தன் புருஷனுடைய பெயரை வரிசையில் கொஞ்சம் மேலே நகர்த்த முடியாதா? வாசகர்கள் நம்ப மாட்டார்களே? அதனால் ஒரு வரைவில் அண்ணியை மேலதிகாரியிடம் பேசவைத்தேன். மறுநாளே பரிசோதனை. கதை இரண்டு பக்கத்தில் முடிந்தது. அதை அண்ணிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"நான் அப்படிச் செய்யலையே பாப்பா."

"கதையில செய்யுங்க அண்ணி."

"கதையிலயும் மாட்டேன். அவருக்கு முன்னாடி இருக்கிறவங்கள்ல பாதிப்பேர் என் வார்டுக்கு வந்து போறவங்க. அவங்க மூஞ்சியை நான் பாக்க வேண்டாமா? அப்புறம், நான் சிபாரிசு பண்ணேன்னு தெரிஞ்சா உங்க அண்ணன் என்னை வாசல்லயே நிறுத்திடுவார். அந்த வரிசையைப் பத்தித்தான் அவர் ஊரெல்லாம் பெருமை அடிக்கிறார். மந்திரியும் அதுலதான் நிக்கணும், பஸ் டிரைவரும் அதுலதான் நிக்கணும்னு."

பிறகு அண்ணி குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா பயமா இருக்கு பாப்பா. ராத்திரி அவர் எச்சில் முழுங்குற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன்."

அந்த வரைவைக் கிழித்துப் போட்டேன். அண்ணியைச் சந்தேகப்பட்டதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது, கதாசிரியையாகவும் நாத்தனாராகவும்.

4

இங்கே வந்தால் அந்தக் குழாய்ப் பரிசோதனையை என் வீட்டுக்காரருடைய நிலையத்திலேயே மறுநாள் செய்துவிடலாம். ஆனால் அண்ணன் வர மாட்டார். வைத்தியத்துக்காக இங்கே வர விமானம் ஏறுவதும் வெள்ளைக் கொடியைப் பிடிப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

ஆகவே முதலில் மாப்பிள்ளை தோற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எதிரில் ஆள் இல்லாவிட்டால் அண்ணன் தானாகவே வாயைத் திறந்து உண்மையைச் சொல்வார் என்பது என் கணக்கு.

"நான் என்ன சொல்லணும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்க நாட்டு வைத்தியம்தான் ஒசத்தி மச்சான்னு சொல்லணும்."

"பொய் சொல்லச் சொல்ற."

"பொய் இல்லங்க. விட்டுக்கொடுக்கச் சொல்றேன்."

"அதுக்குப் பொய்யே பரவாயில்ல."

ஆனாலும் விஷயத்தைக் கேட்ட நிமிடத்திலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தார். எனக்குக் கேட்டது.

5

ஞாயிற்றுக்கிழமை.

"மச்சான், நானும் நல்லா யோசிச்சுப் பாத்தேன். உங்க நாட்டு ஆஸ்பத்திரிதான் ஆஸ்பத்திரி. இங்க எல்லாம் வியாபாரம்."

அண்ணன் அசையவில்லை. இணைப்பு உறைந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் அண்ணியின் கண் இமைத்தது.

"என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?"

"பணக்காரன் ஏழைன்னு பாக்காம செய்யறாங்கல்ல. அது பெரிய விஷயம் மச்சான். நான்தான் இத்தனை வருஷம் புரிஞ்சுக்காம பேசிட்டேன்."

இங்கே என் வீட்டுக்காரரை நான் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத ஆள், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். காற்றையும் கொடுத்தார். கடைசியில் ரொட்டியையும் பாராட்டினார்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "பாப்பா, கேமரா பக்கம் வா."

வந்தேன்.

"உனக்கு என்ன உடம்புக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா."

"மறைக்காத. மாப்பிள்ளை வாயிலேர்ந்து இப்படி ஒரு வார்த்தை வருதுன்னா உனக்குப் பெருசா ஏதோ வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொட்டிக் கொடுத்து நொந்து போயிருக்கீங்க. அதானே?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. எந்த வரைவிலும் இது இல்லை. "இல்லண்ணா" என்று மறுபடி சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் எழுந்து அண்ணனுக்குப் பின்னால் போயிருந்த அண்ணி, திறக்காதே என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தேன். கதை எழுதிப் பழகியதில் ஒன்று தெரியும்: சும்மா இருந்தால் எதிராளி மிச்சத்தை எழுதிக்கொள்வார்.

"நான் கிளம்பி வர்றேன்" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது.

6

விமான நிலையத்தில் அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். தோள் இருந்த இடத்தில் சட்டை மட்டும் இருந்தது.

"நல்லாத்தானே இருக்க?" என்றார்.

"நீங்கதான் நல்லா இல்லண்ணா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி தள்ளுவண்டியின் சக்கரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தார். "ஏமாத்திக் கூட்டிட்டு வந்துட்டீங்க. சரி. தங்கச்சியைப் பாத்தாச்சு, ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன். டெஸ்ட் கிஸ்ட்ன்னு யாரும் பேசக் கூடாது. என் முறை வரும்போது அங்க பாத்துக்கறேன். வரிசையில நிக்கிறவன் நடுவுல ஓடிவந்து காசைக் கொடுத்து முந்தினா, நான் இத்தனை வருஷம் பேசினதுக்கு என்ன அர்த்தம்?"

"யாரையும் முந்தல மச்சான். இங்க வரிசையே கிடையாது" என்றார் என் வீட்டுக்காரர், ஸ்டீரிங்கைப் பிடித்தபடி.

"அப்ப, காசு இல்லாதவங்க எல்லாம் எங்க நிக்கிறாங்க மாப்பிள்ளை?"

என் வீட்டுக்காரர் சிக்னலில் வண்டியை நிறுத்தினார். பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

(இந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் எழுதி அவர் வாயில் வைத்திருக்கலாம். முயற்சி செய்தேன். "காசு இல்லாதவர்களுக்கும் இங்கே" என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் போகவில்லை.)

வீட்டில் வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தேன். இரண்டாவது வாய் தொண்டையில் நின்றுவிட்டது. அண்ணன் எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனார். போனவர் வரவில்லை. என் வீட்டுக்காரர் பின்னாலேயே போய் ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, மறுகையால் முதுகைத் தேய்த்துவிட்டார். நான் கதவோரம் நின்றேன். இரண்டு பேரும் எந்த நாட்டைப் பற்றியும் பேசவில்லை.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு எப்ப போகணும்?"

"காலையில மச்சான். வெறும் வயிறு."

"ஒரு நிபந்தனை. என்ன வந்தாலும், ஞாயித்துக்கிழமை பேச்சுல இதை இழுக்கக் கூடாது."

"இழுக்க மாட்டேன்."

"நானும் மாட்டேன்" என்றார் அண்ணன். அதை நாங்கள் யாரும் நம்பவில்லை.

7

இப்போது நான் அந்தப் பரிசோதனை அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் உள்ளே. அண்ணியும் கூடப் போயிருக்கிறார், நர்ஸ் என்று சொன்னதால் விட்டார்கள். என் வீட்டுக்காரர் இன்று லீவு போட்டுவிட்டு, தன் சொந்த வேலையிடத்தில் நோயாளியின் உறவினராக என் பக்கத்தில் இருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) கெட்டது. அங்கே முதலில் போனபோதே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை ஜெயிக்கிறார்.

(ஆ) பெரிதாக ஒன்றுமில்லை. புண்ணோ, உணவுக்குழாய்ச் சுருக்கமோ, மருந்தில் சரியாகிவிடும். அவசரம் இல்லை என்று அங்கே சொன்னது சரிதான். அண்ணன் ஜெயிக்கிறார். நிபந்தனையைக் கார் நிறுத்துமிடத்திலேயே மீறுவார்.

(இ) கெட்டதுதான், ஆனால் நல்லவேளை, தக்க தருணத்தில் – இப்படிப்பட்ட முடிவுகளைக் கதைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் நான் எழுதுவதைப் படிக்கிறவர் இல்லை. இன்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு (ஆ)வின்மேல் விரலை வைத்தார்.

"இதை எழுதிடு."

"நான் எழுதினா நடந்துடுமாங்க?"

"தெரியாது. எழுது. மச்சானே ஜெயிக்கட்டும். இனிமே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவரே பேசட்டும். நான் வாயே திறக்கல." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. முப்பது வருடத்தில் இந்த மனிதர் ஏதோ ஒன்றில் தோற்க ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

எழுதலாம் என்றுதான் பேனாவை வைத்தேன். ஆனால் இதுவரை நான் எழுதியது எதுவும் நடந்ததில்லை. கதை என்றால் அப்படித்தான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இன்று அதுவே பயமாக இருக்கிறது. (ஆ)வை என் கையால் எழுதினால் அதுவும் வெறும் கதையாகிவிடுமோ என்று –

கதவு திறக்கிறது. "கூட வந்தவங்க யாருங்க?" என்கிறார்கள். குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். நானும் எழ வேண்டும்.

நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்து இதைப் படித்தாலும் சரி, எனக்காக (ஆ)வை நீங்கள் எழுதிவிடுங்கள். என் வீட்டுக்காரரைத் தோற்கடித்துவிடுங்கள்.