பதினான்காம் பக்கத்தில் ஒரு ‘நாம’

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அந்தப் பல் மருத்துவமனைக்கு நோயாளிகள் வருவதில்லை. வரவேற்பறையின் நீல நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டு, ஈறு நோய்களை விளக்கும் வண்ணப் படத்தின் கீழே இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்துவிட்டால், அது ராக் ரசிகர் மன்றம் ஆகிவிடும். மன்றத்தின் தலைவர் பல் மருத்துவரே.

வட்டத்தில் ஐந்து பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் மட்டும் ரசிகர் அல்லர். அவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். ஐம்பத்தைந்து வயது, மடியில் கோப்பு, கையில் சிவப்புப் பேனா. மன்றத்தார் அவரை நேரில் அக்கா என்றும், அவர் இல்லாதபோது முற்றுப்புள்ளி என்றும் அழைத்தனர். இரண்டாவது பெயரும் அவருக்குத் தெரியும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், எஃகுப் பறவைகள் என்ற குழு இந்நகரின் விளையாட்டரங்கில் ஒரே ஒரு மாலை வாசித்தது. உறுப்பினர்களைப் பேசவைத்துப் பதிவு செய்த அந்த மாலையின் நினைவுகளை மன்றம் சிறு நூலாக அச்சிடுகிறது. இன்று ஐந்து மணிக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் ஒவ்வொருவரும் தம் பக்கத்தை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்து, கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பேசியதைப் பேசியபடியே அச்சிட வேண்டும், ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்பது மருத்துவரே வகுத்த விதி.

இந்த நூலின் மெய்ப்பைத் தாமே பார்ப்பதாக அந்த அம்மாள் அச்சகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அன்று மாலை அரங்கின் மூன்றாம் வாசல் எவராலோ திறக்கப்பட்டது. நுழைவுச் சீட்டில்லாத கூட்டம் உள்ளே பாய்ந்தது. சீட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முழங்கால் நொறுங்கியது. பூட்டு உடைக்கப்படவில்லை, சாவியால் திறக்கப்பட்டிருந்தது. சாவி காவலாளியின் பொறுப்பில் இருந்தது. காவலாளியோ அந்தக் குழுவின் பெயரைத் தம் சட்டைப் பையின் உட்புறத்தில் மையால் எழுதி வைத்திருந்த ரசிகர். கூட்டாளிகளுக்காக அவரே திறந்துவிட்டார் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அந்தக் காவலாளி இந்த அம்மாளின் அண்ணன்.

“ஒரு பையன் மயங்கி விழுந்தான். தண்ணி எடுக்கப் போனேன். சாவி ஆணியில தொங்கிச்சு,” என்றுதான் அண்ணன் அன்றும் சொன்னார், இன்றும் சொல்கிறார். மயங்கி விழுந்த பையனை எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் பிறகு சாவியைக் கையில் கொடுக்கும் வேலை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். அவர்கள் வீட்டில் வானொலிகூடக் கிடையாது.

அந்த அம்மாளுக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: வாசலைத் திறந்தது அண்ணன் அல்லர் என்று திறந்தவரே சொல்ல வேண்டும். அதற்குரிய சொல் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. மூன்று வாரங்களாக அவர் அதை எவரிடமும் காட்டவில்லை.

“டிரம்ஸ் இல்லாட்டி ராக்கே இல்லய்யா! அன்னிக்கு இடக்கையன் அடிச்ச அடியில என் நெஞ்செலும்பு இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு,” என்றார் பேருந்துப் பணிமனை மெக்கானிக். பேசும்போதே நாற்காலிக் கையில் தாளம் போடுவார். எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளவும் தெரியாது. இரண்டுக்குமாகச் சேர்த்து அவருக்கு டமாரம் என்று பெயர்.

“ஆடுறது நெஞ்செலும்பு இல்ல, கடைவாய்ப் பல்லு. எதுக்க டாக்டர் இருக்காரு, வாயத் தொற,” என்றார் மின்பணியாளர்.

“அவன் வாயத் தொறந்துதான் வச்சிருக்கான். மூடத்தான் என்கிட்ட மருந்து இல்ல,” என்றார் மருத்துவர்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க,” என்றார் மருந்துக்கடைப் பெண்மணி. “பேஸ் கிட்டார் வாசிச்சாளே அந்தக் கறுப்புக் கோட்டுக்காரி! கூட்டத்த ஒரு தடவகூட நிமிந்து பாக்கல. என்னா திமிரு! அந்தத் திமிருக்காகவே நான் இன்னும் பத்து மைல் நடப்பேன்.”

“ஒத்தச் செருப்போட?” என்றார் மின்பணியாளர்.

“ஒத்தச் செருப்போடதான்!”

அவருடைய நினைவே அதுதான். நெரிசலில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, மற்றொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, கடைசிப் பாட்டுவரை நின்றிருக்கிறார். அதைப் படித்துக் கையெழுத்திட்டார். மின்பணியாளரும் படித்தார்: ஒலிபெருக்கியின் அருகே நின்றதால் மூன்று நாள் காதுக்குள் விசில் சத்தம் கேட்டதும், குக்கர் என்று நினைத்து அவர் மனைவியை அடுப்படிக்கு விரட்டியதும். எல்லோரும் சிரித்தனர். அந்த அம்மாள் இரண்டு காற்புள்ளிகளைச் சேர்த்தார்.

அடுத்து மருத்துவர் படித்தார். முறைப்படி வரிசையில் காத்திருந்து சீட்டு வாங்கியது, மேடைக்கு முன்னால் முதல் வரிசை, பாடகரின் வியர்வைத் துளி தம் கண்ணாடியில் தெறித்தது. சொற்கள் சீராக இருந்தன.

“ஒரு சந்தேகம், டாக்டர்,” என்றார் அந்த அம்மாள். “மொதப் பாட்ட வெளக்கெல்லாம் அணைச்சுட்டு இருட்டுல ஆரம்பிச்சாங்கன்னு மத்தவங்க எல்லாரும் சொல்லியிருக்காங்க. முன்வரிசையில நின்ன நீங்க மூணாவது பாட்டுலேருந்துதான் சொல்றீங்க.”

“எல்லாரும் சொன்னதையே நானும் சொன்னா படிக்கிறவனுக்குக் கொட்டாவி வராதா மேடம்?”

“வரும்,” என்றார் அவர். ஓரத்தில் சிறிய புள்ளி ஒன்றை வைத்தார். “அடுத்தது பதினாலாம் பக்கம்.”

டமாரம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றே படிக்கத் தொடங்கினார்.

“‘நாங்க வெளியில நின்னுக்கிட்டு இருந்தோம். டிக்கெட் தீந்து போச்சு. உள்ள மொதப் பாட்டு முடிஞ்சு போச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. மூணாம் வாசல்ல ஒரே ஒரு வாட்ச்மேன். நேரா போயி அவரு காலடியில மயக்கம் போட்டு விழுந்தேன். நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு! பாவம், அந்த ஆளு தண்ணி எடுக்க ஓடினாரு. அதுக்குள்ள நாம சாவிய ஆணியிலேருந்து உருவி…’”

மின்பணியாளர் தொடையில் தட்டிச் சிரித்தார். “அடப்பாவி! மன்னன்டா நீ!”

டமாரம் சிரிக்கவில்லை. அவர் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. மருத்துவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

“அங்கதான் எனக்கு ஒரு கேள்வி,” என்றார் அந்த அம்மாள். “‘நாங்க’ன்னா கேக்குறவரு அதுல சேத்தி இல்ல. ‘நாம’ன்னா கேக்குறவரும் சேத்தி. இத நீங்க சொல்லும்போது எதுக்க உக்காந்து கேட்டது யாரு?”

“டாக்டர்தான்,” என்றார் மருந்துக்கடைப் பெண்மணி, ஒன்றும் அறியாமல். “உள்ள அந்தப் பல்லுப் புடுங்குற நாற்காலியில இவரப் படுக்க வச்சு, கதவச் சாத்திக்கிட்டுத்தானே பதிவு பண்ணினாரு. வேற யாரும் உள்ள போகலியே.”

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பேச்சு வழக்கு மேடம்,” என்றார் மருத்துவர். குரல் இதமாகவே இருந்தது. “நம்ம கடை, நம்ம பஸ்ஸுன்னு சொல்றோம். அந்தப் பஸ்ஸ நாமளா வாங்கி விட்டோம்? இவனும் நானும் பழகினதே அஞ்சு வருசமாத்தான். கடைவாய்ப் பல்லக் காட்ட வந்தான். அது பிழை. ‘நாங்க’ன்னு மாத்திடுங்க.”

“பேசினத மாத்தக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“பிழையத் திருத்தலாம் இல்லியா? அதுக்குத்தானே வந்தீங்க?”

“இவரு பேச்சுல ‘நாங்க’ இருபத்திரெண்டு எடத்துல வருது. இருபத்திரெண்டும் சரியா வருது. ‘நாம’ ஒரே ஒரு எடத்துல வருது. பேதம் தெரியாம பேசுறவரு இன்னும் ரெண்டு எடத்துலயாவது தடுக்கி விழுந்திருப்பாரு.”

மருத்துவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நீ கையெழுத்துப் போடுப்பா. ‘நாங்க’ன்னு அடிச்சு எழுதிட்டுப் போடு. நேரமாகுது.”

டமாரம் பேனாவை எடுத்தார். எந்நேரமும் தாளம் போடும் அந்தக் கை இப்போது மரம் போல இருந்தது.

பக்கத்துக்கு உரியவர் அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டுவிட்டால், அந்த அம்மாள் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். முப்பத்தோர் ஆண்டுத் தொழிலில், உரியவரின் விருப்பத்துக்கு மாறாக ஓர் எழுத்தையும் அவர் நுழைத்ததில்லை, நீக்கியதும் இல்லை. பதிவு இருந்த கருவியைத் தட்டச்சு முடிந்த மறுநாளே மருத்துவர் வாங்கிக்கொண்டுவிட்டார். மிஞ்சியிருந்தது இந்த ஒரு தாள்தான்.

“கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்குங்க,” என்றார் அவர். “தண்ணி எடுக்க ஓடின அந்த வாட்ச்மேன் எங்கண்ணன்.”

டமாரம் பேனாவை நாற்காலிக் கையில் வைத்துவிட்டார்.

“அக்கா…” என்றார். “அவருக்கு… ஒண்ணும் ஆகலியே?”

“அவரே தொறந்து விட்டாருன்னு எழுதி வேலைய விட்டு நிறுத்தினாங்க. பாக்க வந்த பொண்ணு வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. மயக்கம் போட்ட பையன் ஒருத்தன் இருந்தான்னு முப்பது வருசமா சொல்லிக்கிட்டு இருக்காரு. மொதல்ல கேட்டவங்க சிரிச்சாங்க. இப்ப கேக்குறதுக்கு என்னை விட்டா ஆள் இல்ல.”

டமாரம் மெல்லத் திரும்பினார். அவர் பார்வை மருத்துவர் மீது விழுந்தது.

“வேற எடத்துல வேலை கெடச்சுப் போயிட்டாருன்னு சொன்னியேடா! நேர்ல போயி விசாரிச்சேன்னு நீதானடா சொன்ன!”

அந்த அறையில் எவரும் மருத்துவரை ‘டா’ போட்டு அழைத்ததில்லை. ஐந்து ஆண்டுப் பழக்கத்தில் வரக்கூடிய ‘டா’ அன்று அது. மின்பணியாளர் ஒலிபெருக்கியின் மின்கம்பியைப் பிடுங்கினார். அதில் எதுவும் ஒலித்துக்கொண்டிருக்கவில்லை.

அந்த அம்மாளின் கைப்பேசி அதிர்ந்தது. அச்சகத்து மேலாளர். “பக்கம் வரலியேம்மா. மெஷின் காத்துக்கிட்டு இருக்கு.”

“பத்து நிமிஷம்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“எனக்கு அப்ப இருபத்துநாலு வயசு,” என்றார் மருத்துவர் ஈறு நோய்ப் படத்தைப் பார்த்தபடி. “கடைசி வருசப் பரீட்சை. அந்தப் பொண்ணு காலு வேற போயிருச்சு. பேரு வெளியில வந்திருந்தா காலேஜ்லேருந்து தொரத்தியிருப்பாங்க. இந்தத் தொழிலே எனக்கு இருந்திருக்காது.”

“எங்கண்ணனுக்கு இருபத்தெட்டு.”

“போயி விசாரிக்கணும்னுதான் நெனச்சேன். ஒரு நாளு தெருமுனை வரைக்கும் போனேன்.”

அந்த அம்மாள் டமாரத்திடமிருந்து பக்கத்தை வாங்கினார். தாளைத் தடித்த அட்டையின் மேல் வைத்து அவர் முன் நீட்டினார்.

“இப்ப என்ன செய்யணுங்கிறீங்க? போலீஸா?”

“ஒரு சொல்லு சரியா, பிழையான்னு சொல்லணும். அந்தச் சொல்லுல நீங்களும் இருக்கீங்க. அதனால உங்ககிட்டயும் கேக்குறேன். பிழைன்னா அடிச்சுடுங்க, அப்படியே அனுப்பிடறேன். சரின்னா சரின்னு எழுதுங்க.”

“அடிச்சுட்டா?”

“அனுப்பிடறேன்னு சொன்னேனே.”

மருத்துவர் தம் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதன் முனை ‘நாம’ என்ற சொல்லின் மேல் வந்து நின்றது. பற்களின் நரம்புகளைத் தேடிப் பிடித்துப் பழகிய கை. ஒரு கோடு கிழித்தால் போதும். அந்த அம்மாள் தாளைப் பார்க்கவில்லை, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சிவப்புப் பேனாவின் மூடி உள்ளங்கையில் அழுந்தி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

“நீ அடிச்சா,” என்றார் டமாரம் தணிந்த குரலில், “நான் மறுபடி எழுதுவேன். என் பக்கம்டா அது.”

பேனாமுனை கீழே இறங்கியது. பக்கத்தின் அடியில் வெற்றிடமாக இருந்த பகுதியில் மருத்துவர் எழுதத் தொடங்கினார். நோயாளிகளுக்கு எழுதும் கோழிக்கிறுக்கல் அன்று. ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, பள்ளிப்பிள்ளையைப் போல எழுதினார். முழுப்பெயரை எழுதி, பட்டத்தையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். அடுத்து டமாரம் கையெழுத்திட்டார். பிறகு மருத்துவர் எழுந்து உள்ளே சென்று, நோயாளிகளைப் படுக்க வைக்கும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். எவரும் அவரைக் கூப்பிடவில்லை.

அந்த அம்மாள் தாளை வாங்கிப் படித்தார்.

‘நாம என்பது சரி. நானும் இவனும். சாவியை எடுத்து வாசலைத் திறந்தவன் நான். காவலாளி யாருக்கும் சாவியை கொடுக்கவில்லை.’

ஒரு முறை பொருளுக்காகப் படித்தார். மறுமுறை எழுத்துக்காகப் படித்தார். மூன்றாம் முறை படிக்கையில் எழுத்துகள் நனைந்து கலங்கின. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“அக்கா, அனுப்பிடலாமா?” என்றார் மருந்துக்கடைப் பெண்மணி மெதுவாக. “மணி அஞ்சாகப் போகுது.”

“இருங்க. ஒரு பிழை இருக்கு.”

எல்லோரும் திடுக்கிட்டு அவரைப் பார்த்தனர். டமாரம் ஓரடி முன்னால் வந்தார்.

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து கடைசி வரிக்குப் போனார். ‘சாவியை’ என்ற சொல்லின் பின்னால், இடம் போதாத சிறு இடுக்கில், மிகுந்த கவனத்தோடு ஒரு ‘க்’ போட்டார். பிறகு அண்ணன் வேலை செய்யும் சலவைக்கூடத்தின் எண்ணை அழைத்தார்.