ஞாயிற்றுக்கிழமை அதிகாரி

"தள்ளாதீங்க, தள்ளாதீங்க! பிரேக்கை அதுவே புடிச்சுக்குது!" காருக்குள் இருந்து வம்சி கத்தினான்.

முன்பக்கம் நின்று தள்ளிக்கொண்டிருந்த நாலு பேரும் கையை எடுத்தார்கள். முன்னால் ஆள் நிற்பதாகக் காரின் பெண் குரல் ஆங்கிலத்தில் எச்சரித்தது. முன்னால் ஆள் நிற்காமல் காரைப் பின்னுக்குத் தள்ளுவது எப்படி என்று அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல அந்த நாலு பேருக்கும் ஆங்கிலம் போதவில்லை. ஃப்ரீசர் பெட்டியைத் தெருவில் இறக்கிவிட்டு வண்டிக்காரர் பீடி பற்றவைத்தார். போர்டிகோ காலியானால்தான் பெட்டி உள்ளே வர முடியும்.

"ஸ்கிரீன்ல நியூட்ரல்னு ஒண்ணு இருக்கும், அதைத் தொடு" என்றாள் ஹாரிகா.

"ஸ்கிரீன் இன்னும் முழிக்கலக்கா. பிரேக் புடிக்கிறதுக்கு மட்டும் முழிச்சிருக்குது."

"அது லேசுல முழிக்காதுங்க" என்றார் பக்கத்து வீட்டுச் சென்னியப்பன். "அண்ணன் பல்லு வெளக்கப் போறப்பவே அதைத் தட்டி உட்டுப்போட்டுத்தான் போவாரு. குளிச்சுட்டு வந்து உக்காந்தா அப்பத்தான் வணக்கம் சொல்லும்."

அவர் சொன்ன அண்ணன் நரசிம்மலு, ஹாரிகாவின் அப்பா. பெரியநாயக்கன்பாளையத்தில் முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தி, பம்பு செட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தவர். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அதே காரின் டிரைவர் சீட்டில், ஏசி ஓட, மார்பில் செய்தித்தாளும் மடியில் போனுமாக இறந்துபோயிருந்தார். இரண்டாவது காப்பியோடு போன அம்மா ராமாமணி கண்ணாடியைத் தட்டி, ஆறிப்போகுதுங்க என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். தினமும் அவர் அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது வழக்கம்தான். ஓட்டுவதற்காக அல்ல. அந்தக் காரை அவர் ஓட்டி நாலு வருடம் ஆகிவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கிய எலெக்ட்ரிக் கார் அது. "இப்ப நீங்க ஓட்டுங்க சார், ரெண்டு வருசம் போனா அதுவே ஓட்டிக்கும். போனுக்கு அப்டேட் வர்ற மாதிரி வந்துரும்" என்று ஷோரூமில் சொன்னதை அப்பா அப்படியே நம்பிவிட்டார். பிறகு கண்ணில் நீர் அழுத்தம் வந்தது. பக்கப் பார்வை மங்கியது. இனி வண்டியே ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோதும் அவர் கலங்கவில்லை. அப்டேட் வரட்டும், அதுவே ஓட்டும், நான் சும்மா உட்கார்ந்து மருதமலை போய்விட்டு வருவேன், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்றார்.

அப்டேட்டுக்குப் பதிலாக ஒரு மெயில் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. தானாக ஓடும் வசதி புது மாடல்களுக்கு மட்டும்தான். உங்கள் வண்டியின் கம்ப்யூட்டர் பழையது, அது தாங்காது. மாற்றித் தரவும் வழியில்லை. "படிச்சுச் சொல்லு கண்ணு" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த மனிதரிடம் ஹாரிகாவால் அதைச் சொல்ல முடியவில்லை. பரிசீலனையில் இருக்கிறதாம் நைனா என்று சொல்லிவிட்டாள்.

வினை அங்கே ஆரம்பித்தது. பரிசீலனை எந்த மட்டில் இருக்கிறது என்று அப்பா வாராவாரம் கேட்டார். சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு பொய் மெயில் முகவரி உண்டாக்க எவ்வளவு நேரம் ஆகும்? லட்சுமணசாமி, வாடிக்கையாளர் குறைதீர் அதிகாரி, தமிழில் மட்டுமே எழுதுபவர், ஒரு மதியத்தில் பிறந்தார்.

அதன்பிறகு நாலு வருடம். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் எழுதுவார்; அன்றைக்கு எழுதினால்தான் லட்சுமணசாமி சுறுக்காகப் பதில் போடுகிறார் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஹாரிகா அம்மா வீட்டுக்கு வருவதும் ஞாயிற்றுக்கிழமைதான். அவள் போன் சைக்கிள் மணி மாதிரி கிணிங் என்று அடிக்கும். "ஆபீஸ்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறுவாள். பத்து நிமிடத்தில் கீழே பதில் வந்து நிற்கும். லீவு நாளிலும் வேலை செய்கிற மனுசன் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

லட்சுமணசாமியை வளர்ப்பது லேசான காரியமாக இல்லை. சொந்த ஊர் சூலூர் என்று ஒரு தடவை எழுதிவிட்டாள். அடுத்த வாரமே அப்பா தேங்காய்ப் பழத்தோடு சூலூர் பஸ் ஏறக் கிளம்பிவிட்டார். அதிகாரியை அவசரமாகச் சென்னைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பதில் தாமதமானதற்கு முட்டிவலி என்று சாக்குச் சொன்ன பாவத்துக்கு, முடக்கத்தான் ரசம் வைக்கும் முறை மூன்று மெயிலாக வந்தது. கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வரி இருந்தால் மற்றதைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது.

ஒருவழியாக ஸ்கிரீன் விழித்து, காரைத் தெருவில் புங்கமரத்தடிக்குத் தள்ளி, பெட்டி உள்ளே வந்து, அப்பாவைக் கிடத்தியபோது மணி ஒன்பது. அப்போது சித்தப்பா சீனிவாசலு ஒரு டைரியோடு வந்து நின்றார். வம்சியின் அப்பா. சாங்கியத்தில் ஒரு நூல் பிசகினாலும் பொறுக்கமாட்டார்.

"அண்ணனே எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு பாருங்க" என்றார். 'எழவு சொல்ல வேண்டியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடும் போட்டு, பதினெட்டுப் பேர். முதலில் தம்பி சீனிவாசலு. அடுத்தது வால்பாறை எஸ்டேட்டில் இருக்கும் அத்தை மகன். மூன்றாவது, லட்சுமணசாமி, கார் கம்பெனி.



மதியம் இரண்டு மணிக்குள் பதினேழு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. வால்பாறைக்காரர்கூட மலையிறங்கி வந்துவிட்டார். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் எடுத்தாக வேண்டும். சித்தப்பா டைரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த லட்சுமணசாமிக்கு ஆரு சொன்னது?"

"அவரு நம்பர் இல்லீங்க சித்தப்பா. மெயில்தான். அப்புறமா போட்டுக்கலாம்."

"அப்புறமாவா? எங்க நைனா செத்தப்ப காரமடை மாமனுக்குச் சொல்ல உட்டுப்போச்சு. இருபத்திரெண்டு வருசம் அந்தக் குடும்பம் நம்ம வாசப்படி மிதிக்கல. அண்ணன் எழுதி வெச்சதுல ஒருத்தருக்குச் சொல்லாம உட்டுட்டு எடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். டேய் வம்சி, போடுறா மெயிலை."

வம்சி அப்பாவின் போனிலிருந்து அனுப்பினான். காலையிலேயே சத்தத்தை அணைத்து வைத்திருந்த ஹாரிகாவின் போன் அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது. அவளைச் சுற்றிப் பெண்கள். அவளுடைய இன்னொரு கை அம்மாவின் பிடியில். எழுந்து போக முடியவில்லை.

"அனுப்பிட்டேன். எடுக்கலாமாப்பா?"

"இருடா. காதுல உழுந்துச்சான்னு தெரியோணுமல்ல? ஞாயித்துக்கெழம பதில் போடற மனுசன், இப்ப போட்டுருவாரு."

பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் போயிற்று. தப்படிக்கிறவர்கள் இரண்டாவது டீயும் குடித்து முடித்தார்கள். பொறுமையில்லாத வம்சி, தன் போனிலிருந்து கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லிவிட்டு அது புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்தது. சோகமான வாசிப்பு. மூலையில் அடங்கிப்போயிருந்த இரண்டு கிழவிகள் அதைக் கேட்டு மறுபடியும் அழத் தொடங்கினார்கள்.

அந்தப் பக்கம் ஒரு ஆள் எடுத்து, அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பேர் முன்னால், அப்பாவின் தலைமாட்டில் வைத்து, பெற்ற மகளே நாலு வருடம் ஏமாற்றிய கதை வெளிவந்துவிடும். அம்மா என்ன ஆவாள்? ஹாரிகா கையை உருவிக்கொண்டு எழுந்தாள். "பாத்ரூம்" என்றாள்.

கதவைத் தாழிட்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, தங்கள் மடல் கிடைக்கப்பெற்றோம் என்று எப்போதும் போல ஆரம்பித்தாள். அடுத்த வரி வரவில்லை. காலையிலும் அவர் காத்துக்கொண்டுதான் செத்திருக்கிறார், வராத ஒன்றுக்காக, என்னால்தான் என்று நினைத்தாள். எழுதியதை அழித்தாள். பிறகு விரல் நிற்காமல் அடித்தது.

"ஆருங்க உள்ள? அவசரமுங்க!" என்று யாரோ கதவைத் தட்டினார்கள். அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

கூடத்தில் புல்லாங்குழல் நின்று, "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்" என்று ஒரு குரல் வந்துவிட்டிருந்தது. அதே நேரத்தில் அப்பாவின் போனைப் பார்த்த வம்சி, "அப்பா, வந்திருச்சு!" என்று கத்தி அந்தக் குரலைத் துண்டித்தான். எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான்.

"திருமதி ராமாமணி அவர்களுக்கு. செய்தி கிடைத்தது. ஐயா கேட்ட கம்ப்யூட்டரை மாற்றவே முடியாது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை. நாலு வருடம் காக்க வைத்துவிட்டேன். அது பெரிய தப்பு. அவர் எனக்கு எழுதியதைப் போல யாரும் எனக்கு எழுதியதில்லை. முடக்கத்தான் ரசம் வைத்துச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. என்னை மன்னித்துவிடச் சொல்லுங்கள். லட்சுமணசாமி."



"மொகத்தை எப்பப் பாத்தாரு?" என்றார் சென்னியப்பன்.

"வீடியோ கால்ல பாத்திருப்பாருங்க" என்றார் சித்தப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என்ன மனுசன்! நம்ம சாதிசனத்துலகூட ஒருத்தன் இப்படி எழுதமாட்டான்."

"அப்பா, இது என்னன்னு தெரியுதா? கம்பெனிக்காரனே தப்பை ஒத்துக்கிட்டான். பிரிண்ட் எடுத்துக் கேஸ் போட்டா புதுக் காரே குடுப்பான்!" என்றான் வம்சி.

அம்மா காலையிலிருந்து வாய் திறக்காமல் இருந்தவள். இப்போது ஹாரிகாவைப் பார்க்காமல், பெட்டிக்குள் இருந்தவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கேசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அவரு பதில் போட்டுட்டாருல்ல. எடுங்க, நேரமாகுது."

மின்மயானத்து வண்டி வந்தது. வாழ்நாளின் கடைசியில் கரண்டு வண்டி வாங்கிய மனிதர், கரண்டில் எரியப் போனார். ஹாரிகாவின் கணவர் ஒரு பக்கம் பிடித்தார், கொள்ளி வைக்க வேண்டிய வம்சி ஈர வேட்டியோடு முன்னால் நடந்தான். தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். வண்டி மெயின் ரோட்டில் திரும்பியபோது ஹாரிகா வாய்விட்டு அழுதாள்; என்ன அழுதும் மனம் ஆறவில்லை.

வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் வாசல்வரை ஓடியது. தலைக்கு ஊற்றிக்கொண்ட பெண்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். உட்கார இடமில்லை. அம்மா ஈரத்தலையோடு தெருவைக் கடந்து போய்க் காரின் கதவைத் திறந்தாள்.

"வா கண்ணு. இங்க உக்காரலாம். நீ அந்தப் பக்கம் ஏறு."

அந்தப் பக்கம் என்றால் அப்பாவின் இடம். சீட் இன்னும் சாய்த்தபடியே இருந்தது. ஹாரிகா ஏறி உட்கார்ந்தாள். மயானத்திலிருந்து கணவர் கூப்பிடுவார் என்று போனின் சத்தத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்கிரீன் நிதானமாக விழித்து, வணக்கம் நரசிம்மலு என்றது. புதிய அப்டேட் எதுவும் இல்லை என்றது.

சென்னியப்பன் வீட்டிலிருந்து சோறும் ரசமுமாக வந்த தூக்குப்போசி அம்மாவின் காலடியில் இருந்தது. அதைத் திறக்காமல், இடுப்பிலிருந்து அப்பாவின் போனை எடுத்தாள்.

"காலைல இதை எழுதி வெச்சிருந்தாரு. அனுப்பல."

"ஆருக்குங்கம்மா?" என்று ஹாரிகா கேட்டாள்.

"லட்சுமணசாமிக்குத்தான். நீ வர்றதுக்கு முந்தி எப்பவும் அனுப்பமாட்டாரு."

அம்மா கண்ணைச் சுருக்கி, இடத்தைத் தேடி, ஒரு விரலால் அழுத்தினாள்.

ஹாரிகாவின் மடியில் கிணிங் என்று மணி அடித்தது.

எதிரே சென்னியப்பன் வீட்டு மதிலில் ஒரு அணில் ஏறிப்போவதை அம்மா கடைசிவரை பார்த்தாள்.

"ஆபீஸா?" என்றாள்.

"ஆமாங்கம்மா."

"என்னன்னு பாரு."

ஹாரிகா பார்த்தாள். 'மதிப்பிற்குரிய லட்சுமணசாமி அவர்களுக்கு. போன வாரம் தங்கள் பதிலில் சோர்வு தெரிந்தது. வேலை அதிகம் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டர் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், அதற்காகத் தாங்கள் மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். இன்று எங்கள் வீட்டில் கொள்ளுப் பருப்பு. நேரத்துக்குச் சாப்பிடவும்.'

"கொள்ளு ஊறப் போட்டது அப்படியே கெடக்குது" என்றாள் அம்மா. தூக்குப்போசியைத் திறந்து, கிண்ணத்தில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றிப் பிசைந்து மகளிடம் நீட்டினாள்.

டிரைவர் சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று கார் கத்த ஆரம்பித்தது. நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. ஹாரிகா பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, கிண்ணத்தை வாங்கிச் சாப்பிட்டாள்.