வெர்னா கையெழுத்திட்ட அறிக்கை

பள்ளி வாரிய உறுப்பினர்கள் ஏழு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுத்த பிறகுதான் வெர்னா பாஸ்கோமை உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்துக்கு இரண்டு. அவளுக்காக ஓட்டுப் போட்ட இரண்டு பேரும்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக அவள் வந்து மூன்று வருஷம் எட்டு மாதம். பத்து வருஷத்தில் அவள் நான்காவது ஆள். போன வசந்தத்தில் நான்கு பள்ளிகளை மூடத் தீர்மானம் போட்டது வாரியம். பேட்டை பேட்டையாகப் போய் அதைச் சொல்லி வசவு வாங்கியவள் அவள். நவம்பரில் வாரியத்துக்குத் தேர்தல். இப்போது அவர்களுக்கு ஒரு தலை வேண்டியிருந்தது.

தலைவர் கேரி டுவோராக் இரண்டு காகிதங்களை அவள் பக்கம் தள்ளினார். ஒன்று ஒப்பந்தம். அவள் தானாக விலகுவாள், வாரியத்தைப் பற்றி வெளியே வாய் திறக்க மாட்டாள். பதிலுக்கு ஒரு நல்ல சிபாரிசுக் கடிதம். மற்றது, அவளும் வாரியமும் சேர்ந்து வெளியிடும் அறிக்கை.

கையெழுத்துப் போடாவிட்டால் பதவி நீக்கம். நீக்கப்பட்ட கண்காணிப்பாளரை வேறு எந்த ஊரும் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடாது. ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சராக ஆரம்பித்து ஏறி வந்த முப்பது வருஷமும் அந்த மேஜையில் கிடந்தது.

அறிக்கையைப் படித்தாள். கணவரோடும் பிள்ளைகளோடும் அதிக நேரம் செலவிட விரும்பி டாக்டர் பாஸ்கோம் பதவி விலகுகிறார் என்று இருந்தது.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவன் கிளைட் இறந்து பதினான்கு மாதம். இதே ஊரில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். அடக்கத்துக்கு டுவோராக் மலர்வளையத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு முன்பு இருந்த பெண்மணியை அனுப்பியபோது எழுதிய அறிக்கை இது. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"இதைப் படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"வக்கீல் பாத்தாச்சு, டாக்டர். ஒரு எழுத்து மாத்தணும்னாகூட மறுபடி ஏழு பேரும் உக்காரணும். வெளியில நானூறு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு மாலை போட வரல."

யாரோ சிரித்தார்கள்.

கிளைட் இறந்ததை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருத்தியிருப்பார்கள். டுவோராக் அவள் கையைப் பிடித்து வருத்தம்கூடத் தெரிவித்திருப்பார். அவள் சொல்லவில்லை. என் வாயைத்தானே கட்டுகிறார்கள், இவர் வாயாலேயே இதை வாசிக்கட்டும் என்று நினைத்தாள். இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

அரங்கில் முன் மூன்று வரிசையும் பேருந்து ஓட்டுநர்கள். பள்ளிகளோடு அவர்களின் வழித்தடங்களும் போயிருந்தன. பின்னால் பெற்றோர்கள். சிலர் பிடித்திருந்த அட்டைகளில் அவள் படம், குறுக்கே சிவப்புக் கோடு.

டுவோராக் வாசித்தார். "கணவரோடும்" என்ற இடத்தில் குரல் தடுமாறவே இல்லை. முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

கிளைட்டின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த ஓட்டுநர் ரூஃபஸ் லிட்டில் எழுந்தார். மைக்குக்குப் போகவில்லை.

"கேரி, அந்த ஆளை நாங்க புதைச்சோம். நீயும் வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டுப் போன."

கூச்சல் கிளம்பியது. டுவோராக்கின் கழுத்து சிவப்பதை வெர்னா நிதானமாகப் பார்த்தாள். பதினான்கு மாதத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று ருசித்தது.

டுவோராக் மன்னிப்புக் கேட்டார். எழுத்தர்மேல் பழியைப் போட்டார். கூச்சல் அடங்காததால் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து அதன் அடியில் விரலை வைத்தார்.

"இவங்களும் படிச்சாங்க. என் கண்ணு முன்னாடி படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க. வந்து பாருங்க."

வந்து பார்த்தது, மூடிய பள்ளி ஒன்றின் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான டேனெட். காகிதத்தைப் பார்த்தாள், பிறகு வெர்னாவைப் பார்த்தாள்.

"எங்க ஸ்கூலை வித்த. சரி, அது உன் வேலை. செத்துப்போன மனுஷனையுமா?"

வெர்னா வாயைத் திறந்தாள். வக்கீல் ஒப்பந்தத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அவளையே பார்த்தார். அவர் தடுக்காவிட்டாலும் சொல்ல என்ன இருந்தது? தெரிந்தேதான் விட்டேன் என்றா?

ரூஃபஸ் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். மூன்று வரிசையும் எழுந்து அவர் பின்னால் போயிற்று.

டுவோராக் மேஜையைத் தட்டி அடுத்த விஷயத்துக்குப் போனார். எழுத்தர் வந்து வெர்னாவின் முன்னால் இருந்த பெயர்ப்பலகையை எடுத்துக்கொண்டு போனாள்.