மூத்த வீட்டு விதை

"சுவத்துல மாட்டின உங்க கோட்டை எடுங்க, தம்பி. அது உங்க அண்ணனோட ஆணி."

"அண்ணனோடதுதான் அண்ணி. இனிமே என்னோடது. நானா கேட்டேன்? அண்ணன் செத்தா அண்ணி தம்பிக்குத்தான், வழக்கம் அது."

"நானும் கேக்கலையே."

"கேக்கவே வேண்டாம். ஆனா ஒண்ணு. தாலியறுத்தவ புருஷன் வீட்டு ஆம்பளையோட சேராம மண்ணுல ஒரு விதை போடக் கூடாது. போட்டா சாபம், குடும்பத்தையே வாரிக்கிட்டுப் போயிடும். கிசுமு டவுன்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து தண்ணி வரிக்கு பில்லு போட்ட உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது?"

ஜனவரியில் நடந்த அந்தப் பேச்சை அபோண்டி ஒரு வார்த்தை சிந்தாமல் மனதில் வைத்திருந்தாள். அன்றைக்குக் கொழுந்தன் ஒச்சோலா மாட்டியிருந்த கோட்டை ஆணியிலிருந்து கழற்றி, வாசலில் கோழிக்கூண்டின் மேல் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவள் கணவன் ஒகுது இறந்து ஓராண்டாகியிருந்தது. ஏரிக்கரை ஊரில் மூத்த மகன் என்று அவனுக்கு வந்த நிலம் புதர் மண்டிக் கிடந்தது. சும்மா கிடக்கிற நிலம் தனக்குத்தான் என்று ஒச்சோலா ஊரெல்லாம் சொல்லத் தொடங்கியதும், அவள் நகரத்து வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்துவிட்டாள்.

முதல் வாரமே உள்ளங்கைகள் பிய்ந்து போயின. சோளக்களியை உருட்டக்கூட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். "அக்கா வெள்ளைக்காரி ஆயிட்டாங்க" என்று ஒச்சோலாவின் மனைவி அக்கேயோ சிரித்தாள். ஆனாலும் புதர் போயிற்று. கட்டிகள் உடைந்து மண் பொலபொலத்தது. அலுவலகத்தில் மாலையானால் தலை வலிக்கும். இங்கே கால்தான் வலித்தது, படுத்தால் தூக்கம் வந்தது. இந்த உடம்பை இத்தனை வருஷம் நாற்காலியில் அடைத்து வைத்திருந்தோமே என்றிருந்தது அவளுக்கு.

நிலம் தயாரானதைப் பார்த்து ஒச்சோலா, அவளை வழக்கத்துக்குப் பணிய வைக்க சித்தப்பா ஒமொல்லோவையும் பெரியவர்களையும் கூட்டி வந்தான். அபோண்டி எல்லாருக்கும் டீ கொடுத்தாள்.

"சித்தப்பா, ஒரு குடும்பத்துல முதல் விதை யாரு போடணும்?"

"மூத்த வீடு. அப்புறம்தான் இளையவங்க. இது கூடவா தெரியாது?"

"மாமனார் மாமியார் இல்லாத இங்க மூத்த வீடு யாரு?"

"நீதான்."

"எனக்கு முன்னாடி ஒச்சோலா விதைச்சா?"

கிழவர் இருமினார். "அதுவும் சாபந்தான்."

"அப்ப சரி. வழக்கத்தை மீற நான் யாரு? எனக்கு ஆம்பளை இல்ல. விதையைத் தொட மாட்டேன்."

பட்டணத்துக்காரி பயந்துவிட்டாள் என்று அப்போது ஒச்சோலா சிரித்தான்.

மார்ச்சில் மழை கொட்டியது. அக்கம்பக்கத்து நிலங்களில் மக்காச்சோளம் முளைவிட்டது. மூத்த வீடு விதைக்காததால், ஒச்சோலா உழுது போட்டிருந்த நிலத்தில் களைதான் முளைத்தது. ஒரு காலை அவன் விதைப் பையோடு இறங்கி, குனிந்து, கை நிறைய விதையோடு வெகுநேரம் அப்படியே நின்றான். அன்று அவன் சின்ன மகளுக்குக் காய்ச்சல். விதையைப் பையிலேயே உதறிவிட்டுத் திரும்பினான். வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அபோண்டிக்கு நெஞ்சு இனித்தது. நல்ல இனிப்பல்ல அது. அவள் வீட்டிலும் மாவு அடிப்பானைக்கு வந்துவிட்டது. இந்த மழை தவறினால், விட்ட வேலையும் திரும்பாது, நிலமும் சோறு போடாது. இருந்தும் அசையவில்லை.

அக்கேயோ வந்தாள். "அக்கா, நான் என்ன பண்ணேன்? புள்ளைங்க இருக்கு."

"உன் புருஷன் என் வீட்டுல கோட்டு மாட்டினப்ப நீ எங்க இருந்தே?"

"அடுப்படியில அழுதுட்டிருந்தேன்."

அபோண்டி நகர்ந்து அவளுக்குப் பாயில் இடம் விட்டாள். "போய்ச் சொல்லு. அதே பெரியவங்க முன்னாடி, அவரே வாயைத் திறந்து கேக்கட்டும்."

"மானம் போயிடும்னு சொல்வாரு."

"அந்த மானத்தையே களியாக் கிண்டிப் போடு."

அக்கேயோ சிரித்துவிட்டாள். அன்று மாலை அவள் அடுப்பை மூட்டவில்லை. புருஷன் முன்னால் வெறுந்தட்டை வைத்தாள். மறுநாளும் வைத்தாள்.

மூன்றாம் நாள் தூறலில் எல்லாரும் வந்தார்கள். ஒமொல்லோதான் ஆரம்பித்தார். "பெரியவங்க உக்காந்து பேசினா, வழக்கத்துலயும் ஒரு வழி இருக்கும்மா."

"ஜனவரியில இல்லாத வழியா, சித்தப்பா?"

அவர் கைத்தடியைப் பார்த்துக்கொண்டார். ஒரு பெண்ணைப் படுக்கைக்கு இழுத்தபோது பாறையாக நின்ற வழக்கம், தங்கள் வீட்டுக் களிப்பானை காலியானதும் இளகியதை அங்கே ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒச்சோலா தொண்டையைக் கனைத்தான். "மழை நல்லாப் பெய்யுது அண்ணி."

"பெய்யுது."

"எல்லாரும் விதைச்சிட்டாங்க."

"பாத்தேன்."

அவன் அக்கேயோவைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவன் உதடு அசைந்தது.

"சித்தப்பாவுக்குக் காது மந்தம்" என்றாள் அபோண்டி. "அவருக்கும் கேக்கட்டும்."

"அண்ணி, நீங்க விதைங்க" என்றான் ஒச்சோலா உரக்க. "நானும் வேண்டாம், எந்த ஆம்பளையும் வேண்டாம். உங்க நிலத்துல நீங்க தனியாவே விதைங்க. கெஞ்சிக் கேக்கறேன்."