கமிட் ஆகாத ஒரு வரி

1

ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது கிடைத்த கதை இது. “கம்ப்யூட்டர்ல பெட் காலியாகல, உட்காருங்க” என்று கவுண்டரில் யாரிடமோ சொன்னார்கள். உட்கார்ந்தவரை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் அதைக் காலி செய்யாதவரைப் பற்றி எழுதத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: ‘அன்று காலை அவளுடைய தம்பி...’

(வேண்டாம். ஆறு முறை எழுதி அடித்துவிட்டேன்.)

2

ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் அவள். அன்று வார்டு மென்பொருள் படுத்துவிட்டதால், பதிவுகளைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தாள். பதினான்காம் படுக்கைக்கு இரண்டு மாற்றங்கள்: நோயாளி ‘இறந்தார்’, படுக்கை ‘காலி’. இரண்டும் ஒரே பரிவர்த்தனை. நடந்தால் இரண்டும் நடக்கும். இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. தட்டச்சு செய்தாயிற்று. ‘கமிட்’ கொடுத்து உறுதிசெய்யும்வரை அது அவள் திரையில் மட்டும்தான். கட்டடத்தின் மற்ற திரைகளில் எல்லாம் நோயாளி ‘சிகிச்சையில்’.

நோயாளி அவள் தம்பி.

(பக்கத்து மேஜைக்காரர் செய்யக்கூடாதா என்கிறீர்களா? அவரைப் போன வாரமே லீவில் அனுப்பிவிட்டேன். என் அயோக்கியத்தனம்தான்.)

போன் அடித்தது. அட்மிஷன் சிஸ்டர், விஷயம் தெரியாதவர்.

“மேடம், பதினாலுல இன்னும் ஆள் இருக்கிறதாவே காட்டுதே?”

“ரெண்டு நிமிஷம், சிஸ்டர்.”

“உங்க ரெண்டு நிமிஷத்துல நான் ரிட்டயரே ஆயிடுவேன்! இங்க ஒரு பொண்ணு ஸ்ட்ரெச்சர்லயே மூச்சு வாங்கிட்டுக் கிடக்கு.”

3

முடிவு ஒன்று: கமிட். அழுகை. (யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள்.)

முடிவு இரண்டு: ரோல்பேக். தட்டச்சு செய்தது ரத்து, எல்லாம் பழையபடி. அவள் திரையிலும் தம்பிக்குச் சிகிச்சை நடக்கிறது. ஸ்ட்ரெச்சர் மட்டும்...

முடிவு மூன்று: மரணத்தை விட்டுவிட்டு, படுக்கையை மட்டும் காலி செய்கிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் சிகிச்சையில் இருப்பவரின் படுக்கையைக் காலியாக்க டேட்டாபேஸ் விடாது. முன்பொரு நாள், உயிரோடிருந்த ஒரு பெரியவரின் படுக்கையை யாரோ இன்னொருவருக்கு ஒதுக்கிவிட, பெரிய ரகளையானது. அதன்பிறகு போட்ட விதி. போட்டவள் அவளேதான்.

4

விரல் விசைமேல் நிற்கிறது. அவளுக்குப் பதிலாக அழுத்த எனக்குத் துணிவில்லை. நீங்கள் வாருங்கள், வந்து உட்காருங்கள். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை.

போன் மறுபடி அடிக்கிறது. இந்தத் தடவை சிஸ்டர் சத்தம் போடவில்லை.

“மேடம்... சீக்கிரம்.”